முந்தி ஏறுவதா, கூட நிற்பதா?



இலங்கையிலுள்ள சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் புத்தருடையதென்று பௌத்தரும், சிவபெருமானுடையதென்று சைவரும், ஆதாமுடையதென்று இஸ்லாமியரும் சொல்வார்கள், அர்ச். தோமையாருடையதென்று சொல்லும் கிறிஸ்தவர்களும் உண்டு. டிசம்பர் முதல் மே வரையுள்ள யாத்திரைக் காலத்தில் ஜனங்கள் இரவிலேயே ஆயிரக்கணக்கான படிகளில் ஏறுகிறார்கள். வானம் தெளிந்திருந்தால், உதயத்தில் ஒருபுறம் மலைத்தொடர்களும் மறுபுறம் தாழ்நிலமும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். மேற்கே மலையின் நிழல் முக்கோணமாய் நீண்டு விழும். சூரியன் ஏற ஏற அது குறுகி மறைந்துபோம்.

இப்போது ஒரு கேள்வி. உங்களுடன் வரும் வயதான தாயார் பாதிவழியில் கால் கடுத்து உட்கார்ந்துவிடுகிறார். கிழக்கு வெளுக்கிறது. "நீ போய்ப் பார், ராசா" என்கிறார். போகலாமா?

போவது பாவமென்று சொல்லமாட்டோம். சர்வேசுரன் படைத்த அழகைக் காண விரும்புவது நல்ல ஆசையே. துணைக்கு வேறு ஆள் இருந்து, தாயாரும் மனதாரச் சொன்னால் தடையில்லை. ஆனால் சொல்லை மட்டும் கேளாமல், சொன்னவர் முகத்தையும் பாருங்கள். குளிரில் தனியே இருக்கப் பயந்தும், பிள்ளையின் சந்தோஷத்தைக் கெடுக்கலாகாதென்று எத்தனை தாய்மார் அப்படிச் சொல்லுகிறார்கள்!

கூட நின்றவனுக்கு நஷ்டமில்லையா? உண்டு. அந்த நிழலை அவன் காணப்போவதில்லை. அதற்கு ஈடாக வேறொரு காட்சி கிடைக்குமென்று ஆசைகாட்டவும் மாட்டோம். நஷ்டத்தை அறிந்தே நிற்பதுதான் பிறர்சிநேகம்.

மலை ஏறாதவர்களுக்கும் இக்கேள்வி உண்டு. "எனக்கொன்றும் வேண்டாம், நீ போ" என்ற குரல் இந்த வாரம் உங்கள் வீட்டில் கேட்குமானால், வாசற்படி தாண்டுமுன் ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.