வழிக்கடையில் நீதி



ஆகஸ்டு 29-ம் தேதி கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8-ம் தேதி தேவமாதா பிறந்த திருநாள் வரை, வேளாங்கண்ணிக்குச் செல்லும் குடும்பங்கள் அநேகம். சிலர் வண்டியில் போவார்கள். சிலர் சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போவார்கள். எவ்விதம் போனாலும், நெடுவழியில் இறங்குமுன் ஒரு சிற்றூரில் நின்று அவல், வாழைப்பழம், தண்ணீர், மெழுகுவர்த்தி முதலியவற்றை வாங்கிக்கொள்வது வழக்கம். அந்தக் கடைக்காரரை நாம் முன்பு கண்டதில்லை; இனிக் காணப்போவதும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

சொந்த ஊர்க் கடையில் நாம் நேர்மையாய் நடப்பதற்கு, நாளைக்கு அவர் முகத்தில் விழிக்கவேண்டுமே என்ற எண்ணமும் ஒரு காரணம். அந்த எண்ணம் நீங்கிய இடத்தில் எது மிஞ்சி நிற்கிறதோ, அதுவே நம்முடைய உண்மையான நீதி.

முதலில், நம்மில் கடை வைத்திருப்போர் கவனிக்க. 13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதைப்பற்றித் தெளிவாய்ப் போதித்திருக்கிறார். பொருளைக் கொடுப்பதனால் விற்பவனுக்கு நஷ்டம் உண்டானால், அதை விலையில் சேர்க்கலாம். ஆனால் வாங்குகிறவனுடைய அவசரத்தைக் கண்டு விலையை ஏற்றலாகாது. ஏனென்றால், அவசரம் வாங்குகிறவனுடையது. தன்னுடையதல்லாததை ஒருவன் விற்பது எப்படி? அடைத்து விற்கும் பொருள்களுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாதென்று இந்நாளில் சட்டமே உண்டு. இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் அச்சிட்ட விலை இல்லை. அங்கே மனச்சாட்சியே சட்டம்.

வாங்குகிறவர்களுக்கும் இந்த நீதி உண்டு. விற்பவன் அறியாமல் உயர்ந்த பொருளைத் தாழ்ந்த விலைக்குக் கொடுத்துவிட்டால், அதைத் தெரிந்துகொண்டவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்கிறார் அதே அர்ச்சிஷ்டவர். அப்படியானால், மீதிச் சில்லறையில் 50 ரூபாய்க்குப் பதில் 100 ரூபாய் வந்தால் என்ன செய்வது? "வண்டி புறப்பட்டுவிட்டதே" என்று சொல்லலாமா? கைப்பேசியிலேயே பணம் அனுப்பக்கூடிய காலத்தில் அந்தச் சாக்கு செல்லாது. கடைக்காரரைக் கண்டுபிடிக்க எவ்விதத்திலும் இயலாவிட்டால், அத்தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே திருச்சபை ஆசிரியர்கள் காட்டும் வழி. அதைக் கோயில் உண்டியலில் போட்டு, நம்முடைய காணிக்கை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பிறர் பணத்தில் நேர்ச்சை செலுத்துவது நேர்ச்சையாகாது.

இன்னொன்றும் உண்டு. சிறிய கடையிலுள்ள தண்ணீர், ரொட்டி எல்லாவற்றையும் நாமே வாரிக்கொண்டு போனால், பின்னால் நடந்து வருகிறவர்கள் என்ன செய்வார்கள்? பணம் கொடுத்துவிட்டோம் என்பதனால் பிறர்சிநேகக் கடமை தீர்ந்துவிடுமா? நமக்கு வேண்டிய அளவை வாங்கி, மற்றதை விட்டுவைப்போம்.

பெற்றோரே, வண்டி ஏறுமுன் ஒரு நிமிஷம் நின்று, பிள்ளைகள் பார்க்க மீதிக் காசை எண்ணுங்கள். அதிகமாயிருந்தால் அவர்கள் கையிலேயே கொடுத்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். தேவமாதாவின் சந்நிதியில் அவர்கள் ஏற்றும் மெழுகுவர்த்தி, நீதியாய் வாங்கியதாக இருக்கட்டும்.