வெம்மை தணிக்கும் மென்மூச்சு

அறநெறி போற்றும் சமணப் பெருமக்களே!

சித்திரைத் திங்களின் பிற்பகுதியில் கத்தரி வெயில் தொடங்குகின்றது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பத்தார் அதன் கடுமையை நன்கறிவர். உடல் வெந்து சோரும்போது உள்ளமும் பொறுமையை இழக்கின்றது. சிறு சொல்லுக்கும் இல்லத்தில் சினம் எழுகின்றது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் முதலில் நிற்பது குரோதமே. வெயிலை மாற்றுதல் நம்மால் இயலாது. சினத்தை அடக்குதல் இயலும். அதற்குத் துணையாவது நம் மூச்சு.

பிராணங்கள் பத்து என்பது நம் ஆகம நெறி. ஐம்பொறிகள், மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று பலங்கள், ஆயுள், உயிர்ப்பு என்பன அவை. ஓரறிவுயிர்களுக்கும் இவற்றுள் நான்கு உண்டு. அந்நான்கில் உயிர்ப்பும் ஒன்று. நம் வாயிலில் நிற்கும் வேம்பும் நாமும் இவ்வகையில் உறவினரே. ஆதலின் மூச்சை அறிந்து பேணுதல் உயிரைப் பேணும் அறத்தின் ஒரு கூறாகின்றது.

ஆயினும் மூச்சை வலிந்து அடக்குதல் நம் நெறியன்று. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திராசாரியார் தமது யோகசாஸ்திரத்தில் பிராணாயாம வகைகளை விரித்துரைத்தார். பின்னர், வலிந்து செய்யும் மூச்சடக்கம் மனத்தைத் துன்புறுத்துமென்றும், வீடுபேற்றுக்கு அது இன்றியமையாததன்று என்றும் தெளிவுபடுத்தினார். ஞானார்ணவம் இயற்றிய சுபசந்திராசாரியாரின் கருத்தும் இதுவே. மென்மையே நமக்கு ஏற்றது.

அம்மென்மைக்கு நம்மிடம் வழிவழி வந்த முறை உள்ளது. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மூன்று மூச்சில் மனத்துள் ஓதுகின்றோம். முதல் மூச்சில் அருகரையும் சித்தரையும், இரண்டாவதில் ஆசாரியரையும் உபாத்தியாயரையும், மூன்றாவதில் சாதுக்களையும் நினைக்கின்றோம். ஒன்பது முறை ஓதினால் 27 மூச்சுகள் நிறைவுறும். காயோத்சர்க்கத்தின் அளவு அதுவே.

கோடையில் இதனை விடியற்காலையிலும், வெயில் தாழ்ந்த பின்னரும் செய்தல் நலம். காற்றோட்டமுள்ள நிழலில் பருத்தியாடை உடுத்தி, முதுகு நிமிர்ந்து, தோள் தளர அமர்க. மூக்கின் வழியே நான்கு எண்ணும் நேரம் மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெல்ல வெளிவிடுக. இடையில் அடக்கி நிறுத்த வேண்டா. 27 மூச்சுக்கும் ஏறத்தாழ நாலரை நிமிடமே ஆகும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகின்றது, இறுகிய தசைகள் தளர்கின்றன, மனம் அடங்குகின்றது. தலை சுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிடுக.

யோக நூலார் கூறும் சீதளி என்னும் முறையும் உண்டு. நாக்கைக் குழல்போல் மடித்துக் காற்றை உள்ளிழுத்து மூக்கால் விடுவது அது. நாவின் ஈரம் ஆவியாவதால் வாயில் குளிர்ச்சி தோன்றும். அனற்காற்றும் புழுதியும் வீசும் நண்பகலில் அதனைத் தவிர்க்க. ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கேட்டே செய்க.

ஒன்றை மறவாதிருப்போமாக. மூச்சுப் பயிற்சி மனத்துக்கு அமைதி தரும்; நீருக்கும் நிழலுக்கும் அது ஈடாகாது. வெப்பத்தைப் பொறுக்கும் உஷ்ண பரீஷகம் முனிவரின் 22 பரீஷகங்களுள் ஒன்று. இல்லறத்தார் அதனைத் தம் முதியோர்மேல் சுமத்தலாகாது. இரவில் நீரருந்தா விரதமுடைய பெரியோருக்கு, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த நீரைப் பகல் முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுத்து வருவோம். அவர்கள் நாவறட்சியைச் சொல்லும்வரை காத்திருத்தல் தகாது. வெயிலில் ஒருவர் மேனி கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அப்போது பயிற்சிக்கு இடமில்லை. நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

இக்கோடையிலேதான் அட்சய திருதியையும் வருகின்றது. நெடுநாள் உணவின்றி இருந்த ஆதிபகவனுக்கு அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கரும்பின் சாறளித்து தானநெறியைத் தொடங்கிவைத்த நாள் அது. மூச்சால் நம் சினம் தணிந்தபின், வாயிலில் வந்து நிற்பவருக்கு ஒரு குவளை நீரை இன்சொல்லோடு அளிப்போம். நாம் பெற்ற குளிர்ச்சி பிறவுயிர்க்கும் சென்று சேரட்டும்.

அறம் வளர்க! எல்லா உயிர்களும் இன்புறுக!