பிழைத்தோர்க்குப் பிழைப்பு எங்கே?

‘பிழைத்தான்’ என்னும் சொல்லை நம் மக்கள் இரு பொருளில் வழங்குகின்றனர். சாவினின்று தப்பியவனும் பிழைத்தவனே. தொழில் செய்து குடும்பத்தைக் காப்பவனும் பிழைப்பவனே. புற்றுநோயினின்று மீண்ட தொழிலாளியின் வாழ்விலோ இவ்விரு பொருளும் பிரிந்து நிற்கக் காண்கின்றோம். உயிர் பிழைத்தது, பிழைப்புப் போயிற்று. இத்தகையோர்பால் சமூகத்திற்குள்ள கடமை யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

இஃது எங்கோ ஒருவர்க்கு நேர்ந்த துன்பமன்று. மலேசியா உள்ளிட்ட எட்டுத் தென்கிழக்காசிய நாடுகளில் 9,513 நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்தோர் தம் முடிபை 2015இல் வெளியிட்டனர். நோய் கண்ட ஓராண்டிற்குள் நூற்றுக்கு 29 பேர் மாண்டனர். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கோ அதற்கு மேலோ வைத்தியத்திற்குக் கைவிட்டுச் செலவழித்தவர் 48 பேர். உயிரும் பொருளும் ஒருங்கே தப்பியவர் 23 பேரே! வேலைக்குச் செல்லாமையால் இழந்த கூலி இக்கணக்கில் சேராதது.

மலேசியத் தீபகற்பத்தில் வழங்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஐந்தாண்டுக்கு மேல் ஊழியம் புரிந்தவர்க்கும் சம்பளத்துடன் 22 நாள் நோய் விடுப்பே அளிக்கின்றது. வைத்தியசாலையில் தங்க நேரின் 60 நாள் உண்டு. அறுவையும் கீமோ மருந்தும் கதிர்ச்சிகிச்சையும் வேண்டிய மார்புப் புற்றுநோய்க்கோ அரையாண்டும் அதற்கு மேலும் செல்லும். அதன் பின்னும் சோர்வு எளிதில் நீங்குவதில்லை. சொக்சோவின் இயலாமைப் பென்ஷனோ, நலமுள்ளவன் ஈட்டுவதில் மூன்றிலொரு பங்கும் ஈட்ட மாட்டாதவனுக்கே உரியது. அரைநாள் உழைக்கக் கூடியவன் யாண்டுச் செல்வான்? பென்ஷனுக்கு அவன் வலியன். பழைய வேலைக்கு மெலியன். 2007இல் சொக்சோ தொடங்கிய வேலைக்குத் திரும்பும் திட்டம் இத்தகையோர்க்குக் கைகொடுப்பதே. எனினும் முதலாளி மனம் இசையாவிடின் அதனால் முழுப்பயன் விளையுமோ?

“நாங்கள் தொழில் நடத்துகிறோம், தர்ம சத்திரம் நடத்தவில்லை” என்பர் முதலாளிமார். இதனை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஐந்து பேரை வைத்து அச்சுக்கூடம் நடத்துவோர் ஒருவரது சுமையைத் தனித்துத் தாங்குவது அரிது. ஆனால் அவரால் தாங்கவியலாத சுமையை நோயுற்றவன் மட்டும் எங்ஙனம் தாங்குவான்? எவர்க்கு வருமென முன்னறிய முடியாத துன்பத்தை எல்லோரும் முன்கூட்டியே பகிர்ந்து கொள்ளுதலே நியாயம். மாதந்தோறும் சந்தா செலுத்தும் காப்புறுதி முறை இக்கொள்கை மீதே எழுந்ததன்றோ?

‘சங்கத்தில் வசூல் செய்து கொடுத்தால் போதாதோ?’ என்பாரும் உளர். ஆபத்து வேளையில் அவ்வுதவி வேண்டுவதே. ஆயினும், நேற்றுவரை நன்கொடைப் பட்டியலில் கொடுப்போனாக இருந்தவன் இன்று படத்துடன் இரப்போனாகக் காட்டப்படுகின்றான். அதன்பின் அச்சங்கக் கூட்டத்தில் எழுந்து மாறுபட்ட கருத்தொன்றைச் சொல்லவும் அவன் நாக் கூசும். உரிமையாக வந்ததைப் பெறுவோனுக்கு இக்கூச்சமில்லை.

ஆதலின், மீண்டவன் தன்னால் இயன்ற நேரம் உழைக்கவும், குறைந்த கூலியைப் பகுதிப் பென்ஷன் ஈடுசெய்யவும் வழி பிறத்தல் வேண்டும். அதுவரையில் முதலாளிமார் அவனது இடத்தைக் காத்து வைத்து இலகுவான வேலை தந்து உதவுவாராக. உயிரைக் காக்கப் பொதுப்பணத்தைச் செலவிடும் சமூகம், காத்த உயிர் பட்டினி கிடக்கப் பார்த்திருத்தல் முறையாகாது.