முதுமையின் மருத்துவமும் முஃமினின் வாய்மையும்

ஜும்ஆ தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்த வேளை. ஹவுள் கரையில் நம் கையைப் பற்றி உட்கார வைத்தார் ஒரு பெரியவர். தோல் கம்பெனி ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வயது 71. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவருடைய இல்லத்தரசிக்கு வயது 66. இரத்தக் கொதிப்பும் மூட்டுவலியும் உண்டு. மகன் வெளிநாட்டில். இரண்டு வீட்டு வாடகையில் குடும்பம் நடக்கிறது.

"தம்பி, நாளைக்குப் படுத்துட்டா என்ன செய்யறதுன்னு மகன் ஃபோன்ல கேட்டுக்கிட்டே இருக்கான். கவர்மெண்டு கார்டு நல்லதா, கம்பெனி இன்ஷூரன்ஸ் நல்லதா? நீங்க ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

கேள்வி சாதாரணமானதுதான். ஓய்வு பெற்ற எந்த வீட்டிலும் இன்று எழுகின்ற கேள்வி. ஆனால் அவர் பேசப் பேச, பண விவகாரமாகத் தொடங்கியது ஈமானின் விவகாரமாக மாறுவதைக் கண்டோம். அதனால்தான் அதனை இங்கே எழுதத் துணிந்தோம். நாம் எழுதுவது ஃபத்வா அல்ல. ஃபத்வாவுக்கு உரியவர்கள் ஆலிம் பெருமக்கள். நாம் செய்வது வாசகர்களோடு சேர்ந்து சிந்திப்பது மட்டுமே.

முதலில், இரண்டுமே வேண்டாம் என்று சொல்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "நோயைத் தருபவன் அல்லாஹ், தீர்ப்பவனும் அவனே, காப்பீடு எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. நம்பிக்கை சரியானது, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் சரியன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அறியாதவர் யார்? கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுப் பயணத்தில், அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, தோழர்களோடு ஆலோசித்துப் பாதி வழியில் திரும்பினார்கள். இறைவனின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரியன்று.

மேலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏற்பாடு எதுவும் செய்யாதவர் நோயில் விழுந்தால் செலவு வானத்திலிருந்து இறங்குவதில்லை. மகன் கடன் வாங்குகிறான். மகளின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. தம் சேமிப்பிலேயே மருத்துவத்துக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்தவர் காப்பீடு வேண்டாம் என்றால் அது வேறு. ஒதுக்கி வைக்காதவர் தவக்குல் என்று சொன்னால், அவர் சாய்ந்திருப்பது அல்லாஹ்வின் மீதல்ல, பிள்ளைகளின் தோள் மீது!

இனி அரசாங்கத்தின் ஏற்பாட்டைப் பார்ப்போம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயதை எட்டிய அனைவருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேளாமலே, அது விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை. பிரீமியம் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் இல்லை. மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1954இல் தொடங்கிய சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியார் பாலிஸி வைத்திருப்பவருக்கு அந்தத் தடை இல்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் மட்டுமே செல்லும். படுக்கையில் சேராமல் அன்றாடம் வாங்கும் மாத்திரைச் செலவு இதில் அடங்காது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே நம் ஊருக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி ஏற்கிறது என்று உடல் நலமாக இருக்கும்போதே விசாரித்து வைக்க வேண்டும். இன்னொன்று: 70 வயதாகாத மனைவிக்குக் கணவரின் இந்தக் கார்டு நிழல் தராது.

இதனை வாங்கக் கூச்சப்படுவோரும் உள்ளனர். கூச்சத்துக்கு இடமே இல்லை. தள்ளாத வயதில் பிச்சையெடுத்து நின்ற யூத முதியவர் ஒருவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் அவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நியாயமன்று என்று கருதி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு வழிசெய்த வரலாற்றை இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) தமது கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். முதியவரைத் தாங்குவது அரசின் கடமை, அது பிச்சையன்று.

அடுத்து, தனியார் கம்பெனிகளின் பாலிஸி. 2024 ஏப்ரல் 1 முதல் வயதைக் காட்டி முதியோருக்குக் கதவடைக்கும் வரம்பு நீக்கப்பட்டது. பழைய நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் நீங்கியது. ஆஸ்பத்திரியைத் தேர்ந்துகொள்ளும் வசதி இதில் கூடுதல். மனைவியையும் சேர்க்கலாம்.

ஆனால் பிரீமியம் ஆண்டுதோறும் ஏறும். முதியோருக்கு ஒரே ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் கட்டுப்பாட்டு ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. எனினும் ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறினாலே, இன்று 40,000 ரூபாய் கட்டுபவர் ஏழாண்டு கழித்து ஏறத்தாழ 78,000 கட்ட வேண்டியிருக்கும். வருமானமோ அப்படி வளர்வதில்லை. பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் முதியோர் பாலிஸிகள் பலவற்றில் உண்டு. அறை வாடகைக்கு 5,000 ரூபாய் வரம்பு வைத்த பாலிஸியோடு 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமல்லாமல் டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதி வெட்டப்படலாம். கையெழுத்திடுமுன் இவற்றைப் படிப்பவர் எத்தனை பேர்?

மார்க்க ரீதியான கேள்வி ஒன்றும் இங்கே நிற்கிறது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் எண்ணத்தில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடே மாற்று வழி என்றும் தீர்மானித்தது. அந்த வழியில் 1979இலேயே சூடானில் ஒரு நிறுவனம் தோன்றியிருந்தது. மலேசியா 1984இல் தக்காஃபுல் சட்டமே இயற்றியது. தவிர்க்க முடியாத தேவையிலும், சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்திலும் சலுகை உண்டு என்று கூறும் ஆலிம்களும் உள்ளனர். யாருக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் தம் நிலையை மறைக்காமல் சொல்லி, தம் ஆலிமிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர் தலையை அசைத்தார். "கம்பெனி பாலிஸி எனக்கு மனசுக்கு ஒப்பலை தம்பி. வட்டி கலந்திருக்கும். எனக்கு மத்திய அரசு கார்டு போதும். எங்க வீட்டு அம்மாவுக்கு முதலமைச்சர் திட்டத்துல கார்டு எடுத்துடறேன். வருமானச் சான்றிதழ் வாங்கித் தர ஒரு ஆள் இருக்கான். முன்பணம்கூடக் கொடுத்தாச்சு" என்றார்.

நாம் ஒரு கணம் திகைத்துப் போனோம். தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குரிய குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டு வீட்டு வாடகை அந்த வரம்பைத் தாண்டும் என்பது கணக்கெழுதிப் பழகிய அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் தரகரைப் பிடித்தார்.

வட்டியின் புகைகூடத் தம் மீது படக்கூடாது என்று ஒதுங்கியவர், பொய்ச் சான்றிதழில் கையெழுத்திடத் தயங்கவில்லையே! ஒரு ஹராமுக்கு அஞ்சி மற்றொரு ஹராமின் வாசலில் நிழல் தேடுவது என்ன பேணுதல்? இது அந்த ஒருவரின் குறை அன்று. நம்மில் பலர், எந்தக் கார்டு ஆகுமானது என்று கேட்கிறோம். அதனை எந்த வார்த்தை சொல்லி வாங்குகிறோம் என்று கேட்பதில்லை.

"எல்லாரும் செய்றாங்க தம்பி. கவர்மெண்டு பணம்தானே" என்றார் அவர். அரசாங்கப் பணம் என்று தனியாக ஒரு பணம் இல்லை. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் கட்டிய வரி அது. ஏழைக்கென்று ஒதுக்கிய தொகை அளவுக்கு உட்பட்டது. உரிமையில்லாதவர் எடுத்த ஒவ்வொரு ரூபாயும் உரிமையுள்ள ஒருவரின் பங்கிலிருந்தே குறைகிறது. யாரிடமிருந்து எடுத்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாது. தெரியாத மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்பது எப்படி?

தனியார் பாலிஸியின் பக்கமும் இதே பொய் வேறு உடையில் வருகிறது. "சர்க்கரை இருக்குன்னு எழுதாதீங்க பாய், பிரீமியம் ஏறிடும், அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் கேக்க மாட்டாங்க" என்று யோசனை சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கட்டிய பாலிஸியை, விவரம் சொல்லவில்லை என்று காட்டி மறுக்கலாகாது என்பது விதிதான். ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்த விதியிலேயே பாதுகாப்பு இல்லை. சட்டம் விட்டாலும் தீன் விடுமா? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்களே! விண்ணப்பத்தில் மறைத்த நோய் அந்த ஈரத் தானியம்தான். வாங்குபவர் மறைத்தாலும் விற்பவர் மறைத்தாலும் ஏமாற்று ஏமாற்றே. நிபந்தனைகளைச் சொல்லாமல் விற்கும் ஏஜெண்டுக்கும் இது பொருந்தும்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப அவளுக்கு என்னதான் வழி?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உபதேசம் மட்டும் செய்து எழுந்து போவது கல்நெஞ்சம். எனவே அமர்ந்து கணக்குப் போட்டோம். அரசாங்க ஆஸ்பத்திரியின் கதவு வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தரும் திட்டம் 2021 ஆகஸ்டு முதல் தமிழகத்தில் நடக்கிறது. வாடகைப் பணத்தில் மாதம் ஒரு பகுதியை அந்த அம்மாவின் பெயரில் ஒதுக்கலாம். மகனும் தன் பங்கைச் சேர்க்கட்டும். 70 வயதை அவர் எட்ட இன்னும் நான்கு ஆண்டுகள். அதற்குள் பெருஞ்செலவு வருமென்று அஞ்சினால், ஆலிமிடம் கேட்டு, அவர் அனுமதித்தால், நோய்கள் அனைத்தையும் ஒளிக்காமல் எழுதி ஒரு பாலிஸி எடுக்கட்டும். மூன்றாண்டுக் காத்திருப்பை உண்மையின் விலையாகக் கொள்ளட்டும்.

இதில் ஜமாஅத்துக்கும் பங்கு உண்டு. உணவு குறைந்தபோது அஷ்அரீ கோத்திரத்தார் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்கள். நம் மஹல்லாக்களில் முதியோர் மருத்துவ நிதி ஒன்று, நன்கொடை எண்ணத்தோடு, ஒழுங்கான கணக்கோடு ஏன் இருக்கக்கூடாது? பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது போதாமலிருக்கலாம். தரகரின் வாசலுக்குப் போகவிருந்த ஒரு பெரியவரைத் தடுத்து நிறுத்த நிச்சயம் போதும்.

ஆக, அரசாங்கமா தனியாரா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அரசின் ஏற்பாட்டில் உரிமை இருப்பவர் அதனை முதலில் பெறட்டும். போதாதவர் தம் வசதியையும் மார்க்க வழிகாட்டலையும் பார்த்து அடுத்ததை நாடட்டும். எதுவாயினும் வாங்கும் வழி வாய்மையாக இருக்கட்டும். படுக்கையில் கிடக்கும் நாளில் நாம் கேட்கும் துஆவுக்கும் நம் தலைமாட்டில் உள்ள கார்டுக்கும் இடையே ஒரு பொய் நிற்க வேண்டாம்.

அடுத்த ஜும்ஆவில் பெரியவரைக் கண்டோம். தரகரிடம் முன்பணத்தைத் திரும்பக் கேட்கவில்லையாம். விண்ணப்பத் தாளை மட்டும் வாங்கி வந்துவிட்டாராம். பாலிஸி பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஆலிமைப் பார்க்க வேண்டும் என்றார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

வல்ல ரஹ்மான் நம் முதியோருக்கு ஆரோக்கியத்தையும், நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், நம் அனைவருக்கும் சொல்லிலும் எழுத்திலும் வாய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.