ஐம்பதில் வளையும்!

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? கேட்காத வீடில்லை, சொல்லாத வாயில்லை. பழமொழி என்ற ஒரே காரணத்தால் அது தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு! கற்க விழையும் முதியவன் காதில் அதனை ஓதுவர். அவனும் தலைகுனிந்து, வந்த வழியே திரும்புவான். எதனையும் ஏன் என்று கேட்பதே பகுத்தறிவின் கடமை என்போர், இப்பழமொழியை மட்டும் கேளாது விடலாமோ?

கேட்கவேண்டிய நிலை நமக்கே வந்தது. ஐம்பதைக் கடந்த நாம், சவ்வாது மலையடிவாரத்தில், செங்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடந்த பறைப் பயிற்சி முகாமுக்கு மாணவராய்ச் சென்றோம். மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்த வட்டச் சட்டம்; அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல்; வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி. கருவி இவ்வளவே. வைக்கோல் கொளுத்தி, தோலைச் சூடேற்றி, விறைக்கச் செய்து, தோளில் மாட்டிவிட்டனர். நமக்குப் பாடம் சொன்னவள் பள்ளி செல்லும் பெண்ணொருத்தி. "ஐயா, வலக்கை முந்துது, இடக்கை என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்றாள். கேட்டோம். இடக்கை ஒன்றும் சொல்லவில்லை, நடுங்கிற்று.

நடுக்கத்திற்குக் காரணம் முதுமை என்றுதான் முதலில் எண்ணினோம். எண்ண எண்ண, காரணம் வேறு என்று தெரிந்தது. அதனை ஒளிக்காது சொல்லிவிடுதல் நேர்மை.

நம் சிறுவயதில் வீட்டில் மவுத் ஆர்கன் வாங்கித் தந்தார்கள். ஊதி ஊதி உதடு வீங்கினாலும் பெருமையே பேசினர். அதே வீட்டில், தெருக்கோடியில் பறை முழங்கினால் கதவைச் சாத்துவர். "அதைத் தொடாதே" என்றனர். ஏன் என்று நாம் கேட்டதில்லை. பின்னாளில் மேடையேறி ஆயிரம் 'ஏன்' கேட்டவர்கள், இந்த ஒன்றை மட்டும் கேட்க மறந்தோம்!

அந்த மவுத் ஆர்கனின் வரலாறாவது அறிந்திருந்தோமா? ஜெர்மனியின் திரோசிங்கன் நகரில் 1857ஆம் ஆண்டு ஹோனர் என்பவர் தொழிலகம் தொடங்கி, அக்கருவியை உலகெங்கும் அனுப்பினார். விலை மலிவு, சட்டைப் பையில் அடங்கும், பத்தே துளைகள். அமெரிக்கத் தென்மாநிலங்களில், 1865இல் அடிமை விலங்கு சட்டப்படி உடைந்த பின்னும் வாழ்வில் உடையாதிருந்த கருப்பின மக்களின் கைக்கும் அது போயிற்று. ஐரோப்பிய நாட்டுப்பாடல்களுக்கென ஒலி கூட்டப்பட்ட கருவி அது; அவர்கள் நெஞ்சிலிருந்த ஓலத்திற்கு வேண்டிய சுரங்கள் அதில் இல்லை. சோர்ந்தனரா? இல்லை! ஊதுவதைவிட மூச்சை உள்ளிழுத்து வாசிப்பதில் ஊன்றினர். நாவையும் தொண்டையையும் மாற்றியமைத்துச் சுரத்தையே வளைத்தனர். கருவியில் இல்லாத ஒலி மூச்சில் பிறந்தது. புளூஸ் என்று உலகம் இன்று போற்றும் இசையில் மவுத் ஆர்கன் பெற்ற இடம் இவ்வாறு வந்ததே.

டிஃபோர்டு பெய்லி என்பார் 1899இல் பிறந்தவர், அடிமையாயிருந்தவரின் பேரர், இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் படுக்கையில் கிடந்தபடி இக்கருவியைக் கற்றவர். நாஷ்வில் நகரின் புகழ்மிக்க வானொலி நிகழ்ச்சியில் அவர் மூச்சு நாடெங்கும் கேட்டது. எனினும் 1941இல் வெளியேற்றப்பட்டார். அந்நகரிலேயே காலணி துடைக்கும் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் மறைந்தார். பெருமைப் பட்டியலில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 2005ஆம் ஆண்டு! இசை வேண்டும், இசைத்தவன் வேண்டாம். இந்த அறத்தை எங்கோ கண்டதுபோல் இல்லையா? நம் தெருவிலேயே கண்டிருக்கிறோம். சாவுக்குப் பறை வேண்டும். திருவிழாவுக்குப் பறை வேண்டும். அடித்தவனுக்குத் திண்ணையில் இடம் வேண்டாம்!

கடல்கடந்த ஒடுக்கப்பட்டோரின் இசைக்குக் கண்ணீர் வடித்த காது, தெருக்கோடி இசைக்கு ஏன் அடைத்துக்கொண்டது? தொலைவிலுள்ள துயரம் நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை. அண்டைவீட்டுத் துயரம் கேட்கும். ஆகவேதான், தொலைவை நேசிப்பது எளிது. அன்று நம் இடக்கை நடுங்கியதன் காரணம் இதுவே. வளைய மறுத்தது விரலன்று, கழுத்து!

இனி, எதிர்வாதத்திற்கு வருவோம். "அது அவர்கள் இரத்தத்தில் ஊறிய கலை, உமக்கு எப்படி வரும்?" என்று பரிவோடு சொல்வாருண்டு. பாராட்டுப்போல் ஒலிக்கும் இச்சொல் பழைய நஞ்சே. பறை ஒருவன் இரத்தத்தில் ஊறியதெனில், ஏடு இன்னொருவன் இரத்தத்தில் ஊறியது என்பதையும் ஒப்பவேண்டிவரும். 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் வந்த கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில் என்றது. குலக்கல்வி என்று அதனைச் சுட்டி நாடு கொதித்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. அத்திட்டத்தின் ஆணிவேர் இந்த இரத்தக் கதைதானே? நமக்குப் பாடம் சொன்ன பெண்ணைக் கேட்டோம்: "உனக்குப் பிறவியிலேயே வந்ததா அம்மா?" சிரித்தாள், கையை விரித்துக் காட்டினாள். விரலடியில் காய்ப்பு! பிறவி தந்ததன்று அது, பயிற்சி தந்தது. முகாமின் மூன்றாம் நாள் முடிவில், நம் கையும் ஓர் அடியைப் பிழையின்றி அடித்தது. ஒரே அடிதான், ஆயினும், இரத்தக் கதையைப் பொய்யாக்க அது போதும். முதியவன் கற்பது வெறும் பொழுதுபோக்காக முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்: கற்றுக்கொண்ட ஒவ்வொரு முதிய கையும், பிறப்பே தகுதி என்பாருக்கு எதிரான சான்று.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர் ஆயிரக்கணக்கான பெண்கள். விழுந்தனர், ஊர் சிரித்தது, எழுந்து ஏறினர். ஊரின் சிரிப்பு ஓய்ந்தது, வண்டி ஓயவில்லை. இறக்கும்வரை ஒருவன் கல்லாதிருப்பது ஏனோ என்று வியந்தவர் வள்ளுவர். அவர் கேள்விக்கு விடை சொன்னவர்கள் அப்பெண்கள்.

மற்றோர் எதிர்வாதம் உண்டு, அது கனமானது. "எம்மைக் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்தீர், இழிவின் சின்னமென நாங்கள் உதறியதை, இன்று கலையென்று நீர் தோளில் மாட்டுவதா?" பறையடிக்க மாட்டோம் என மறுத்த போராட்டங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் நடந்தன, மறுத்தோர் செய்தது அறம். பறையை உரிமை முழக்கமாக மேடையேற்றியோர் செய்வதும் அறமே. இரண்டும் முரணாகா, கட்டாயத்தை மறுப்பதும், விருப்பத்தால் ஏற்பதும் ஒரே உரிமையின் இரு கைகள், அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் போல. ஆனால் கற்க வருவோர்க்கு ஒரு கடமையுண்டு: ஆசானை ஆசானென்று அழைத்தல், உரிய ஊதியத்தைக் குறையாது தருதல், முகாமில் பறையைத் தொட்ட கை, ஊர் திரும்பியதும் ஆசானுடன் ஒரே பந்தியில் உண்ணத் தயங்காதிருத்தல். இவை இல்லையேல், நாம் கற்றது கலையன்று, களவு! அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்வோம். தில்லி தரும் பட்டம் ஒருநாள் விழா. தெரு தரவேண்டிய மதிப்போ அன்றாடக் கடன்.

செங்கத்திற்கு இது புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா எனப்பட்ட இவ்வூர் வேள் நன்னனை நாடிவரும் கூத்தரைப் பற்றிய பாட்டு, 583 அடிகள். முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் ஒருமுகப் பறையாகிய பதலையும் சுமந்து அவர்கள் சேயாற்றங்கரை வழியே வருகின்றனர். கருவிக்குத் தீட்டுச் சொல்வார் எவரும் அப்பாட்டில் இல்லை. வழி சொல்பவனோ, முன்னே சென்று பரிசில் பெற்று மீண்ட மற்றொரு கூத்தன். பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை.

அந்தப் பெண்ணும் நமக்குச் செய்தது அதுவே. ஐம்பதில் வளையுமா என்று இனி எவரேனும் கேட்பாராயின், பழமொழியைப் பழமொழியால் மறுக்கவேண்டாம். பறையொன்றை அவர் தோளில் மாட்டி, "இடக்கையைக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்!