ஷேர் பண்ணுங்க!

போட்டோவை ஷேர் பண்ணுகிறோம். ஆட்டோவை ஷேர் பண்ணுகிறோம். ரூம் வாடகை, ஆபீஸ் கவலை எல்லாமே ஷேர்தான். ஆனால், இந்த ஒரு சொல்லைத் தமிழில் எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடுகிறது. பங்கு போடுவதா, பகிர்ந்துகொள்வதா?

ரெண்டும் ஒண்ணுதானே என்று நினைக்காதீர்கள். வீட்டைப் பங்கு போட்டால் நடுவில் சுவர் வரும். சோற்றைப் பகிர்ந்தால், இருக்கிற சுவரும் மறந்துபோகும்.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. ஷேர் என்ற சொல்லும், ஆட்டு ரோமத்தைக் கத்தரிக்கிற ‘ஷியர்’ என்ற சொல்லும் ஒரே பழைய வேரில் பிறந்தவை. இரண்டுக்கும் அதே ஐந்து எழுத்துகள், வரிசைதான் வேறு. மூலம், வெட்டுவது. நாம் மட்டும் என்ன? ‘பகு’ என்ற வேரிலிருந்துதான் பகிர்வும் வருகிறது, பகையும் வருகிறது. பங்காளி என்றதும் ஞாபகம் வருவது பாசமா, கோர்ட்டா?

பி.காம். படித்தவன் கண்ணில் இன்னொன்றும் படுகிறது. 1932-ம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டம், 13-வது பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், லாபத்தைக் கூட்டாளிகள் சமமாக ‘ஷேர்’ செய்ய உரிமை உண்டு என்கிறது. நஷ்டம் வந்தால்? வினைச்சொல் மாறிவிடுகிறது, ‘கான்ட்ரிப்யூட்’ செய்தாக வேண்டும்! லாபம் உரிமை, நஷ்டம் கடமை. சட்டம் எழுதினவர்களுக்கு மனுஷ சுபாவம் தெரிந்திருக்கிறது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் போய் நின்றால், இந்த இலக்கணம் கண்ணெதிரே ஓடும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம் என்று ஆறு பிரிகிற இடம். கொள்ளிடம் பள்ளம். தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் சரிய, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் தவித்தன. அதற்காகத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். அன்று முதல் பாசனத் தண்ணீர் பெரும்பாலும் காவிரிக்கு. வெள்ளம் வந்தால் கொள்ளிடத்துக்கு. ஒருத்தருக்கு விளைச்சல், இன்னொருத்தருக்கு இடி!

2018-ஐ நினைத்துப் பாருங்கள். பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆக உச்ச நீதிமன்றம் குறைத்தது பிப்ரவரி 16-ல். அதே வருடம் ஆகஸ்ட் 22-ம் தேதி இரவு, வெள்ளம் ஓடிய நாளில், கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் இடிந்து போயின.

வரத்து குறைந்தால் அவரவர் பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்று 2007-லேயே நடுவர் மன்றம் சொல்லிவிட்டது. கணக்கு சுலபம்தான். ஆனால், மழை நன்றாகப் பெய்த வருடத்தில் யாரும் கணக்கு நோட்டைப் பிரிப்பதில்லை. பற்றாக்குறையில்தான் சண்டை.

அப்படியானால், பங்கு பேசுவதை விட்டு எல்லோரும் அன்பாகப் பகிர்ந்துகொள்ளலாமே? கேட்க நன்றாக இருக்கிறது. கடைமடை விவசாயியிடம் சொல்லிப் பாருங்கள். ‘எனக்கு உங்க அன்பு வேண்டாம் சார், அளவு சொல்லுங்க’ என்பார். நியாயம்தானே? உரிமையைப் பகிர்வு என்று கேட்டால், அது பிச்சையாகிவிடும்.

எனவே, கேட்பவர் வாயில் அது பங்காகவே இருக்கட்டும். கொடுப்பவர் மனசில் மட்டும் பகிர்வாக இருந்தால் போதும். இது ஆற்றுக்கு மட்டுமல்ல. அப்பா கட்டின வீட்டைப் பிரிக்கும்போது அண்ணனும் தம்பியும் டேப் பிடித்து அங்குலம் அங்குலமாக அளக்கிறார்கள். அம்மாவின் ஆஸ்பத்திரி பில் வரும்போது, அந்த டேப்பை எங்கே வைத்தார்கள்?