பாகு தெரிந்த கை



தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் வெல்லம் விற்கும் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அதிரசத்துக்குங்க, பாகு வெல்லமாப் பாத்துக் குடுங்க" என்ற குரல் ஓயாது. "உங்களுக்கு நோன்பு உண்டா?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதும் காதில் விழும். நம் பக்கத்தில் தீபாவளி என்றால் பட்டாசு மட்டுமில்லை, கேதார கௌரி நோன்பும் சேர்ந்ததுதான். சிவனின் உடலில் சரிபாதி கேட்டுப் பார்வதி 21 நாள் இருந்த விரதம் என்பது அதன் கதை. ஐப்பசி அமாவாசையில் படையல். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 இழை சேர்த்து முடிச்சிட்ட நோன்புக் கயிறு.

பண்டிகைக்கென்று பொறுமையாகப் பண்டம் செய்வது நம் ஊரில் மட்டுமில்லை. கிரேக்க நாட்டில் ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டையும் வெண்ணெயும் சேர்த்த இனிப்பு ரொட்டியைச் சடை மாதிரி பின்னி வீட்டிலேயே சுடுவார்கள். யூதர் வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு ஓய்வுநாள் விருந்துக்கும் பின்னல் ரொட்டி உண்டு. அங்கே மாவைப் பின்னுகிறார்கள். இங்கே கயிற்றை முடிந்து, மாவைத் தட்டுகிறோம். இரண்டுமே அவசரத்துக்கு ஆகாத பண்டங்கள்.

அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. அள்ளினால் கையில் ஈரம் தெரிய வேண்டும். அந்த ஈரத்தோடு இடித்துச் சலித்த மாவுதான் பாகை வாங்கும். பாக்கெட்டில் வரும் காய்ந்த மாவுக்கு அந்தக் குணம் இல்லை.

பிறகு பாகு. அடுப்புப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். கொதிக்கிற பாகில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவார்கள். கரைந்து ஓடினால் இன்னும் காய வேண்டும். விரலால் கூட்டும்போது மெத்தென்று உருண்டு வந்தால் அதுதான் பதம். அதையும் தாண்டி, எடுத்துப் போட்டால் 'டங்'கென்று கேட்டால் கமர்கட்டுக்குத்தான் ஆகும். வெப்பமானியில் இந்த உருட்டுப் பதம் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ். முன்கூட்டியே இறக்கினால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும்; தாமதித்தால் கல்லாகிவிடும். நடுவில் இருப்பது சில டிகிரிதான். ஆனால் எந்த அடுப்படியிலும் டிகிரி கணக்கில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "ம்... இப்ப எறக்கு" என்று ஒரு குரல் வரும். பாட்டியின் குரல், மாமியாரின் குரல், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் குரல்.

இறக்கியதும் ஒருவர் மாவைத் தூவ, இன்னொருவர் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். ஏலம், சுக்கு, எள் எல்லாம் அப்போதே. பாத்திரத்தின் வாயில் துணி கட்டி இரண்டு மூன்று நாள் வைத்தால் மாவும் வெல்லமும் ஒன்றுக்கொன்று ஈரம் கொடுத்து இளகிவிடும். அதற்குப் பிறகுதான் வாழையிலையில் தட்டி, இளந்தீயில் சுட்டு, எண்ணெய் வடியக் கரண்டிகளுக்கு நடுவில் அமுக்கி எடுப்பது.

இதற்கு வேண்டியதெல்லாம் நம் மண்ணிலேயே விளைகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கும் அளவுக்குக் கரும்பு விளையும் மாவட்டம் இது. மேலே கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் காலங்காலமாக விதைத்துவரும் சாமை இருக்கிறது. அரிசிக்குப் பதிலாகச் சாமையை ஊறவைத்து இடித்தாலும் அதிரசம் வரும். வெள்ளிமலைப் பக்கம் போகிறவர்கள் சாமை வாங்கி வந்து செய்து பாருங்கள்.

நான் பேச வந்தது பதம் சொல்லும் அந்தக் குரலைப் பற்றி.

2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அடுத்தடுத்த வாசல்களில் பந்தல் போட்ட தெருக்களை இந்த ஊர் பார்த்தது. அதற்கு நான்கு மாதம் கழித்துத் தீபாவளி வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்பது வழக்கம். அது துக்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. கணவனை இழந்த பெண் இந்தச் சுமங்கலி நோன்பில் நிற்கக் கூடாது என்று பல வீடுகளில் ஒதுக்குகிறார்கள். நேற்றுவரை தெருவுக்கே பாகு பார்த்துச் சொன்னவள், இன்று "நமக்கெதுக்கு" என்று தானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிடவும் ஆள் இல்லை.

அவள் கையில் என்ன மாறிவிட்டது? தண்ணீரில் உருளும் பாகை அறிந்த அதே விரல்கள்தானே? நோன்பின் கதையில் வரும் தெய்வமே பெண்ணைப் பாதி உடலாக ஏற்ற தெய்வம். அதன் படையலுக்கு இன்னொரு பெண்ணின் கை ஆகாது என்று ஒதுக்குவது நியாயமே இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றும் நடக்கிறது. பதம் தெரிந்தவர்களை ஒதுக்கிவிட்டு, பதம் தெரியாத நாம் கடையில் 21 அதிரசம் எண்ணி வாங்கி வந்துவிடுகிறோம். வேலைக்குப் போகிறவர்கள் வாங்குவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிக் கொடுக்கக்கூடியவர் நான்கு வீடு தள்ளிச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பதத்தை யார் சொல்லித் தருவது?

மாவு இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டும் என்பதால், அமாவாசைக்கு நான்கு நாள் முன்னதாகவே அரிசி ஊற வேண்டும். அதற்கும் முந்தின நாள் சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். "அக்கா, பாகு நீங்கதான் பாக்கணும், நான் கிளர்றேன்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போங்கள்.